பால்மா டின்னில் வந்தது

விலங்கியல் துறை வாசலில், மாலை ஐந்தரைக்கு,
மின்சார சபைச் சட்டையோடு நின்றார் மரியநேசன்.
கையில் ஒரு பால்மா டின்.
மூடியில் ஆணியால் குத்திய ஏழு ஓட்டை.

"நாவற்குழியில, இழுவைக் கம்பியில இருந்தது மிஸ்.
கடிச்சால் விசம் எண்டு பெடியள் கல்லெடுத்தாங்கள்.
எனக்கு மனம் கேக்கேல்லை."

வாளி மண்ணில் நட்டிருந்த கிளுவைத் தடியில் விட்டேன்.
நடந்தது என்று சொல்ல முடியாது.
அரையடி முன்னே, காலடி பின்னே,
விசிறி ஓடாத அறையில்
காற்றுப் பட்ட இலையாக ஆடியது.

"வெறியோ உதுக்கு?"

"இல்லை அண்ணை. தன்னை இலை எண்டு
நம்பச் சொல்லுது."

குனிந்து காலைப் பார்த்தார்.
இரண்டு விரல் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம்.
தன் இடுப்பில் தொங்கிய குறட்டைத் தொட்டுக்கொண்டார்.
"ஆர் செய்து குடுத்தது?"

ஒருவரும் இல்லை.
ஆறு கோடி வருசம், கூடவும் இருக்கலாம்,
ஆபிரிக்கப் பக்கம் எங்கேயோ
ஒரு மெல்லிய கொப்பில்
பிடி கொஞ்சம் இறுகிய ஒன்றும்
பிடி கொஞ்சம் தளர்ந்த ஒன்றும் இருந்தன.
காற்று அடித்தது.
அவ்வளவுதான்.
பிறகு நடந்ததெல்லாம்
அந்தக் காற்று திரும்பத் திரும்ப அடித்தது.
விழுந்தவற்றின் பெயர்
நான் படிப்பிக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதை அவருக்குச் சொன்னேனா, நினைத்தேனா,
இப்போது நிச்சயமில்லை.

ஒரு கண் அவரைப் பார்த்தது.
மற்றக் கண் டியூப் லைட்டில் ஒட்டியிருந்த பூச்சியை.
"எங்களுக்கும் ஒரு காலம் உப்பிடித்தான்.
ஒரு கண் கம்பியில, மற்றது வானத்தில."

பூச்சி தாழப் பறந்தது.
நாங்கள் இருவரும் அதைத் தவறவிட்டோம்.
உடம்பிலும் நீளமான நாக்கு போய், ஒட்டி, வந்துவிட்டது.
துரத்த முடியாத பிராணிக்கு
நாக்கு ஓடப் பழகியிருக்கிறது.
முதலே இழுத்து வைத்த கெற்றப்போல் அது,
விட்டால் போதும்.
மார்கழி விடியலில் கால் விறைத்தாலும்
நாக்கு விறைப்பதில்லை.

மரியநேசன் சிரிக்கவில்லை.
டின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான் கனடாவில இருந்து எடுத்தவன்.
நீயொரு பச்சோந்தி எண்டான்.
அவங்கட காலத்தில ஜெனரேற்றர் வயர் இழுத்தன்.
இவங்கட காலத்தில போஸ்ற் நட்டன்.
ஆஸ்பத்திரி ஒண்டுதானே, மிஸ்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டை வாங்கிக்
கவிழ்த்து, அதன்மேல் பிராணியை வைத்தேன்.

மஞ்சளாகவில்லை.
கறுத்தது.
விலாவில் புள்ளி புள்ளியாக, பிறகு முழுவதும்.

தோலுக்குள் பொடிப் பளிங்குகள்.
நெருங்கி நின்றால் ஒரு நிறம், விலகினால் வேறொன்று.
குளிர்ந்தால் கறுக்கும், வெயிலை உறிஞ்ச.
பயந்தால் கறுக்கும். தோற்றால் கறுக்கும்.
எதிரியைக் கண்டு நிமிர்ந்தால்
கல்யாண வீட்டுச் சேலை போலப் பளிச்சிடும்.
ஒளிக்கிறதுக்குப் பச்சை
அதுக்கு எப்பவோ இருக்கிறது.
மாறுவது மனசு வெளியே தெரிகிற விசயம்.
பொய் சொல்லத் தெரியாத தோல், பாவம்.

"அப்ப இப்ப இது...?"
"பயந்திட்டுது அண்ணை."
"எடுங்கோ, எடுங்கோ. கொப்பில விடுங்கோ."

பதிவேட்டை விரித்தேன்.
இடம்: நாவற்குழி. கொண்டுவந்தவர்: அ. மரியநேசன்.
நிறம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
எழுதி முடிக்குமுன் அது மூன்று தரம் மாறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
இருட்டில் அவர் குரல்:
"இது நானில்லை மிஸ்."
முதல் தடவையாகச் சிரித்தார்.
ஏணி ஏற்றிய லொறி ஒழுங்கையால் போகிற சத்தம் கேட்டது.

ஏழரைக்கு டோர்ச்சோடு திரும்ப வந்தேன்.
வாலை வயர்ச் சுருளாகச் சுற்றிக்கொண்டு
கிளுவையில் தூங்கியது.
பச்சையுமில்லை, கறுப்புமில்லை.
வெளிறி, மெழுகு போல,
ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாத நேரத்தில் இருந்தது.

கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.
திணைக்களத் தலைவர் திங்கட்கிழமை கேட்பார்.